தீசிஸ் தலைப்பு: செப்சிஸில் அபாச்சி 2-ஆ, சோஃபாவா? செய்வதில் பிரயோஜனம் உண்டா?

புது_பிஜி

எல்லோருக்கும் வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவம் எம்.டி. முதலாமாண்டு. சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கைடு கொடுத்த தலைப்பு: செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகள் கெடும் நிலை) நோயாளிகளின் இறப்பைக் கணிப்பதில் அபாச்சி 2, சோஃபா என்ற இரண்டு ஐசியூ மதிப்பெண் முறைகளில் எது மேல்? சாம்பிள் 100.

சீனியர்கள் எல்லாரும் "சேஃப் டாபிக், கண்ணை மூடிக்கொண்டு எடு, புரஃபார்மாவே (தரவு நிரப்பும் படிவம்) ரெடியாகக் கிடைக்கும்" என்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது. லைப்ரரியில் இதே தலைப்பு வருஷாவருஷம் இருக்கிறது. ஒன்றில் அபாச்சி ஜெயிக்கிறது, அடுத்ததில் சோஃபா ஜெயிக்கிறது. முடிவுரை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றேதான்: "இரண்டும் பயனுள்ளவை, பெரிய அளவிலான ஆய்வுகள் தேவை."

ஐசியூவில் வேலை பார்ப்பவர்கள், புள்ளியியல் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். கைடு நல்லவர். நியாயமான மாற்றம் என்றால் ஒத்துக்கொள்வார்.

பழைய_ஸ்டெத்

தம்பி, முதலில் பாஸ் பண்ணு. உலகத்தை அப்புறம் திருத்தலாம். தீசிஸ் என்பது ஆய்வு செய்யப் பழகுவதற்கு. அதற்கு இந்தத் தலைப்பு போதும்.

ஆனால் கேட்டுவிட்டாய். எதை அளக்கப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு அள. அபாச்சி வாஷிங்டனில் பிறந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் நாஸ் குழு 1981-ல் கொண்டுவந்த முதல் வடிவத்தில் 34 அளவுகள். யாராலும் நிரப்ப முடியவில்லை. 1985-ல் 12 ஆகக் குறைத்து, வயதையும் நாட்பட்ட நோயையும் சேர்த்ததுதான் நாம் இன்றும் பிடித்துத் தொங்கும் அபாச்சி 2. உச்சபட்ச மதிப்பெண் 71. 13 அமெரிக்க மருத்துவமனைகள், 5,815 நோயாளிகள். அந்த ஆட்கள் ஐசியூவில் படுத்திருந்தது 1979-82 வாக்கில். பல்ஸ் ஆக்சிமீட்டர் கட்டிலுக்குக் கட்டில் வராத காலம் அது.

சோஃபாவின் கதை வேறு. 1994-ல் பாரிஸில் கூடிப் பேசி, 1996-ல் வின்சென்ட் பெயரில் வெளியானது. ஆறு உறுப்பு மண்டலம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 24. எந்த உறுப்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று நாள்தோறும் எழுதி வைக்கத்தான் அதைச் செய்தார்கள். யார் பிழைப்பார், யார் போவார் என்று சொல்வதற்கு இல்லை. கணிக்கும் வேலையை நாம் பின்னால் அதன் தலையில் கட்டினோம்.

ஆக, ஒன்று முதல் 24 மணி நேரத்தின் மோசமான மதிப்புகளை எடுத்து ஒரே தடவை போடுவது. இன்னொன்று தினமும் போடுவது. இரண்டையும் முதல் நாளில் மட்டும் போட்டு ஓட்டப்பந்தயம் விட்டால் சோஃபாவின் பாதி உயிர் போய்விடும். ப்ரஸ்ஸல்ஸில் 352 நோயாளிகளை வைத்து ஃபெரெய்ரா குழு 2001-ல் காட்டியது இதைத்தான். ஆரம்ப மதிப்பெண் என்னவாக இருந்தாலும், முதல் 48 மணி நேரத்தில் சோஃபா ஏறினால் இறப்பு 50 சதவீதத்துக்குக் குறையவில்லை. எங்கள் ரவுண்ட்ஸில் நான் பார்ப்பதும் முதல் நாளை இல்லை, மூன்றாம் நாளை.

சராசரி_விலக்கம்

உயிர்ப்புள்ளியியல் ஆசாமி. மருத்துவர் இல்லை, தீசிஸ் மாஸ்டர் சார்ட்டுகளோடு (எல்லா நோயாளிகளின் தரவும் சேர்ந்த அட்டவணை) வாழ்கிறவன்.

100 பேரில் 35 பேர் இறந்ததாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஆர்ஓசி வளைவின் பரப்பு (இறப்பவரையும் பிழைப்பவரையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்ற அளவு, 1 என்றால் கச்சிதம்) 0.80 வந்தால் அதன் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, ஏறத்தாழ 0.70 முதல் 0.90 வரை. அபாச்சிக்கு 0.80, சோஃபாவுக்கு 0.76 என்று வந்தால் எது ஜெயித்தது? எதுவுமில்லை. லைப்ரரியில் பார்த்த மாறி மாறி வெற்றிக்குக் காரணம் இதுதான். ஒரு கணிப்பு முறையைப் புதிய இடத்தில் சரிபார்க்க, குறைந்தபட்சம் 100 இறப்பும் 100 பிழைப்பும் வேண்டும் என்பது எங்கள் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 100 நோயாளி இல்லை, 100 இறப்பு.

இன்னொரு கோளாறு. செப்சிஸ்-3 வரையறைப்படி 2016-லிருந்து செப்சிஸ் என்றாலே சோஃபா 2 அல்லது அதற்கு மேல் ஏறியிருக்க வேண்டும். சோஃபாவை வைத்து ஆளைச் சேர்த்துவிட்டு, அதே சோஃபா நன்றாகக் கணிக்கிறதா என்று பார்க்கிறீர்கள். குறைந்த மதிப்பெண்காரர்கள் வாசலிலேயே வெட்டுப்பட்டுவிடுகிறார்கள். அபாச்சிக்கு அந்த வெட்டு இல்லை. போட்டியே சமமாக இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் தருவது, தீசிஸ்காரர்கள் மதிப்பெண்ணோடு நின்றுவிடுவது. நாஸ் கொடுத்தது வெறும் மதிப்பெண் இல்லை. அதை இறப்பு வாய்ப்பாக மாற்றும் சூத்திரமும் கொடுத்தார்: மைனஸ் 3.517, கூட்டல் மதிப்பெண் பெருக்கல் 0.146, கூட்டல் நோய்க்கான எடை. அவசர அறுவை என்றால் 0.603 சேரும். வரும் விடை லாஜிட் என்ற மடக்கை அளவு, அதைச் சதவீதமாக மாற்ற வேண்டும். அந்த நோய் எடையை நம்மூர் தீசிஸ்களில் பெரும்பாலும் யாரும் போடுவதே இல்லை. போட்டுப் பாருங்கள். அறுவை செய்யாத நோயாளி, மதிப்பெண் 25. செப்சிஸ் என்றால் இறப்பு வாய்ப்பு 56 சதவீதம். நீரிழிவுக் கீட்டோஅசிடோசிஸ் என்றால் 20. ஆஸ்துமா என்றால் 12. மாத்திரை அதிகம் போட்டுக்கொண்டவர் என்றால் 4. நாலு பேருக்கும் கேஸ் ஷீட்டில் ஒரே 25 தான் எழுதியிருக்கும்.

பழைய_ஸ்டெத்

25 என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கடும் செப்சிஸுக்கு ஸைக்ரிஸ் என்று ஒரு மருந்து வந்தது. 1,690 பேர் கொண்ட ப்ரோவெஸ் ஆய்வு 2001-ல் இறப்பு 30.8-லிருந்து 24.7 சதவீதமாகக் குறைந்ததாகச் சொன்னது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழுவில் ஓட்டு ஆதரவாக 10, எதிராக 10 என்று சரிபாதியாகப் பிரிந்தது. கடைசியில் 'இறப்பு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று அனுமதி கொடுத்தார்கள். அபாயம் அதிகம் என்பதற்கு உதாரணமாகச் சொன்ன கோடு, அபாச்சி 25. பல லட்சம் ரூபாய் மருந்து. 24 வாங்கியவருக்குக் கிடையாது, 25 வாங்கியவருக்கு உண்டு.

அப்புறம் நடந்தது தெரியும். அடுத்தடுத்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. 2011 அக்டோபரில் நிறுவனமே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. கூட்டத்தைப் பிரித்துப் பார்க்கச் செய்த அளவுகோல், ஒருவர் கையில் ஊசி ஏறுமா ஏறாதா என்று முடிவு செய்யும் இடத்துக்கு எப்படிப் போனது என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

இரவு_டூட்டி

ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ் நான். டாக்டர்கள் பேசும் இடத்தில் வந்ததற்கு மன்னிக்கவும். ஆனால் அந்த 12 அளவையும் எழுதுவது யார் என்று யாரும் கேட்கவில்லையே?

மூச்சு எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வார்டு சார்ட்டை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். 18, 20, 20, 18, 20. முழு நிமிஷம் நின்று எண்ணினால்தான் உண்மை வரும். ஆறு பெட்டுக்கு ஒருத்தி, நடுவில் ஒரு அட்மிஷன், ஒரு இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாயில் குழாய் போடுவது). யார் எண்ணுவது? வேகமாக மூச்சு விடுகிறார் என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் 28, 32 என்று எழுதுவோம். இருபத்திரண்டா இருபத்தாறா என்பது சார்ட்டில் இருக்காது. உங்கள் ஸ்கோரில் அதற்கு மார்க் மாறும்.

அதே மாதிரி பிஜி (மேற்படிப்பு) டாக்டர்கள் தீசிஸ் ஷீட்டைச் சாயங்காலம் வந்து மொத்தமாக நிரப்புவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு பிபி 70-க்கு இறங்கி, நாங்கள் நார்அட்ரினலின் (பிபி ஏற்றும் மருந்து) ஏற்றி, நாலு மணிக்குச் சரியாகியிருக்கும். மோசமான மதிப்பு எது? ஆறு மணி சார்ட்டில் இருக்கும் 110 தான் ஷீட்டுக்குப் போகும். ஏபிஜி (ரத்த வாயுப் பரிசோதனை) அனுப்பி, கார்ட்ரிட்ஜ் இல்லை என்று திரும்பி வந்தால் அந்தக் கட்டம் காலி. காலி என்றால் நார்மல் என்று போடுகிறார்கள். பார்த்திருக்கிறேன்.

புது_பிஜி

சிஸ்டர், மன்னிப்பு எல்லாம் எதற்கு. எனக்கு வேண்டியதே இதுதான்.

ஒரு சந்தேகம். வென்டிலேட்டரில் மிடசோலம் என்ற மயக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு ஜிசிஎஸ் (நினைவு நிலையை 3 முதல் 15 வரை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண்) என்ன எழுதுவது? ஒரு சீனியர் 3 என்கிறார், "இருப்பதைத்தானே எழுத வேண்டும்" என்று. இன்னொருவர் 15 என்கிறார்.

சராசரி_விலக்கம்

இதற்குப் பதிலை எண்ணிலேயே பாருங்கள். அபாச்சி 2-ல் ஜிசிஎஸ்ஸுக்கான புள்ளி, 15-லிருந்து ஜிசிஎஸ்ஸைக் கழித்தது. 15 என்றால் 0 புள்ளி, 3 என்றால் 12 புள்ளி. மற்றதெல்லாம் சேர்த்து 13 வாங்கிய செப்சிஸ் நோயாளி. ஜிசிஎஸ் 15 என்று போட்டால் இறப்பு வாய்ப்பு 18 சதவீதம். 3 என்று போட்டால் 56. ஆள் அதே ஆள், கட்டில் அதே கட்டில், நிரப்பியவர் மட்டும் வேறு.

பழைய_ஸ்டெத்

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் கடைசியாக நம்பிக்கையாகப் பார்த்த ஜிசிஎஸ்ஸை எடு. அது தெரியவே தெரியாது, மூளையில் கோளாறு என்று சந்தேகமும் இல்லை என்றால் நார்மல் என்று வை. எதைச் செய்தாலும் முறையை முன்கூட்டியே எழுதி வை, எல்லா ஆளுக்கும் அதையே செய். 1974-ல் டீஸ்டேலும் ஜென்னெட்டும் கிளாஸ்கோவில் ஜிசிஎஸ்ஸை உருவாக்கியது தலைக்காயம் பட்டவர் மோசமாகிறாரா என்று மணிக்கு மணி பார்க்க. குழாய் போட்ட வாய்க்குப் பேச்சுக்கான ஐந்தில் எத்தனை மார்க் என்று அவர்களைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

கண்டிக்காரி

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவு வைத்தியர். உங்களுடைய தாதி சொன்ன வெற்றுக் கட்டம் எங்களுக்கும் பழகிய சங்கதி. மாவட்ட வைத்தியசாலைகளில் குருதி வாயுப் பரிசோதனை எல்லா நேரமும் செய்ய ஏலாது. அது இல்லாவிட்டால் அபாச்சி 2 நொண்டத் தொடங்கும்.

இதை ஒட்டி நடந்த ஒரு வேலை உங்களுக்கு உதவலாம். கொழும்பில் என்ஐசிஎஸ்டி என்றொரு வலையமைப்பு தீவிர சிகிச்சைப் பதிவேடு நடத்துகிறது. இலங்கை, இந்தியா, நேபாளம், பங்களாதேஷ் நான்கு நாட்டுத் தரவையும் வைத்து 2017-இல் ஒரு எளிய மாதிரி வெளியிட்டார்கள். ட்ராபிக்ஸ் என்று பெயர். அவசர அறுவைச் சிகிச்சையா, சிஸ்டோலிக் அமுக்கம், சுவாச வீதம், ஜிசிஎஸ், குருதி யூரியா, ஹீமோகுளோபின். அவ்வளவுதான். எங்கும் கிடைப்பவை. உங்கள் நாட்டிலும் சென்னையை மையமாக வைத்து ஐரிஸ் என்ற பதிவேடு இருக்கிறது, விசாரித்துப் பாருங்கோ.

இன்னொரு விஷயம். வெளிநாட்டு அளவுகோலில் எங்கள் நோய்கள் சரியாக உட்காருவதில்லை. டெங்கு நோயாளிக்கு பிளேட்லெட் 18,000. சோஃபாவில் அதற்கு முழுதாக 4 புள்ளி. ஆள் கட்டிலில் எழும்பி இருந்து இளநீர் குடித்துக்கொண்டு, எப்ப வீட்டுக்கு விடுவீங்கள் என்று கேட்பார். எலிக்காய்ச்சலில் பிலிருபின் 12-ஐத் தாண்டினால் அங்கேயும் 4. அந்த மஞ்சள் பெரும்பாலும் தானே வடியும், ஈரல் செயலிழந்த மஞ்சள் வேறு. மாறாக, பூச்சிமருந்து குடித்து வருபவரைப் பாருங்கோ. பேராதனையில் சேனநாயக்கவும் மற்றவர்களும் 1993-இல் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துக்கென்றே ஓர் அளவுகோல் செய்தார்கள். கண்மணியின் அளவு, சுவாசம், நாடித் துடிப்பு, தசைத் துடிப்பு, நினைவு, வலிப்பு. மொத்தம் 11. ஆய்வுகூடமே வேண்டாம், டோர்ச் லைட்டும் கைக்கடிகாரமும் போதும். அதற்கும் ஓர் ஓட்டை இருந்தது: ஃபென்தியான். கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளிவரும் பூச்சிமருந்து. வரும்போது நன்றாகக் கதைப்பார், புள்ளி குறைவு. பிறகுதான் சுவாசம் நிற்கும். எந்தப் போத்தலைக் குடித்தார் என்று வீட்டாரிடம் கேட்டு அறிவது அந்தப் புள்ளியை விடப் பெறுமதியானது. இங்கே 2008-க்கும் 2011-க்கும் இடையில் ஃபென்தியான், டைமெத்தோவேட், பராகுவாட் மூன்றையும் படிப்படியாகத் தடைசெய்தார்கள்.

குறிமுறையன்

ஐயோ, 2001, 1985 என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பாஸ்டன் பெத் இஸ்ரேல் மருத்துவமனையின் ஐசியூ தரவு மிமிக் என்ற பெயரில் ஆராய்ச்சிக்குத் திறந்து கிடக்கிறது. மெஷின் லேர்னிங்கில் ஆயிரம் மாறிகள் போட்டு மாடல் செய்யலாம். 12 கட்டத்தை நர்ஸ் நிரப்பும் காலம் முடிந்தது. தம்பி, அந்தப் பக்கம் வாருங்கள்.

சராசரி_விலக்கம்

வரலாம். ஆனால் மருத்துவமனை மென்பொருள் விற்கும் எபிக் கம்பெனியின், செப்சிஸை முன்கூட்டி எச்சரிக்கும் மாடல் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த மாடல். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் தனியாகச் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். வளைவின் பரப்பு 0.63. காசு சுண்டினால் 0.50. செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேரைக் கோட்டை விட்டது. அது போதாது என்று, அனுமதியானவர்களில் 18 சதவீதம் பேருக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆயிரம் மாறி போட்டாலும் அவற்றில் ஒன்று அந்த 18, 20, 20, 18 தானே? பாஸ்டன் ஐசியூவில் யாரைச் சேர்ப்பார்கள், எப்போது சேர்ப்பார்கள், எத்தனை பெட்டுக்கு ஒரு நர்ஸ் என்பதெல்லாம் மாடலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். அதைத் தூக்கிவந்து இங்கே வைத்தால் ஆட்களை வரிசைப்படுத்துவதாவது ஓரளவு சரியாக வரலாம். சதவீதம் வராது. மோசமானவரை மோசமானவர் என்று பிரிப்பது ஒரு திறமை. 40 சதவீதம் என்று சொன்ன நூறு பேரில் நாற்பது பேர் நிஜமாகவே இறந்தார்களா என்பது வேறு திறமை. தீசிஸ்கள் முதலாவதை மட்டும் பார்க்கின்றன. இரண்டாவது காலத்தோடும் நகரும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐசியூக்களில் கடும் செப்சிஸ் இறப்பு 2000-ல் 35 சதவீதம், 2012-ல் 18.4. 1980-களின் சூத்திரத்தை அங்கே இன்று போட்டால் எல்லா ஐசியூவும் அற்புதம் செய்வதாகத் தெரியும்.

குறிமுறையன்

எபிக் பாயின்ட் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மூடிய பெட்டி, யாரும் உள்ளே பார்க்க முடியாது. திறந்த மாடலை உள்ளூர்த் தரவில் திரும்பப் பழக்கினால் சதவீதமும் சரியாக வரும். உள்ளூர்த் தரவு இல்லை என்பதுதான் சிக்கல்.

சராசரி_விலக்கம்

இதில் சண்டையே இல்லை. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

ஈரோட்டு_வாசகன்

மருத்துவத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் வியாபாரம். சொந்தத்தில் ஒருவர் ஐசியூவில் இருந்தபோது "ஐம்பது ஐம்பது" என்று ஒரு டாக்டரும், "இருபது பர்சன்ட்தான் சான்ஸ்" என்று இன்னொருவரும் அதே நாளில் சொன்னார்கள். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இப்போது படிக்கும்போதுதான் அந்த எண்கள் எப்படி வந்திருக்கும் என்று புரிகிறது. என் கேள்வி ஒன்றுதான். அந்த எண்ணை எங்களிடம் எதற்குச் சொல்கிறீர்கள்? நாங்கள் அதை வைத்து என்ன செய்ய வேண்டும்?

பழைய_ஸ்டெத்

ஐயா, நியாயமான கேள்வி. அந்தச் சதவீதம் உங்கள் சொந்தக்காரரைப் பற்றியது இல்லை. அவரைப் போன்ற மதிப்பெண் வாங்கிய நூறு பேரைப் பற்றியது. அவர் அந்த நூறில் எந்தப் பக்கம் என்பது எங்களுக்கும் தெரியாது. நான் குடும்பத்திடம் எண் சொல்வதில்லை. 'ரொம்ப மோசமாக இருக்கிறார், பிழைக்க வாய்ப்பு குறைவு, ரெண்டு நாள் எல்லா சிகிச்சையும் கொடுத்துப் பார்ப்போம், சிறுநீர் வருகிறதா, பிபி மருந்து குறைகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்து பேசுவோம்' என்பேன்.

எண்ணைச் சொன்னால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. அபாச்சி செய்த அதே நாஸ்தான் சப்போர்ட் என்ற பெரிய ஆய்விலும் முன்னணியில் இருந்தார். அமெரிக்காவின் 5 போதனா மருத்துவமனைகள், 9,105 நோயாளிகள். இரண்டாம் கட்டத்தில் ஒரு பிரிவு டாக்டர்களுக்கு நோயாளியின் பிழைப்பு வாய்ப்பை அச்சடித்துக் கையிலேயே கொடுத்தார்கள். குடும்பத்தோடு பேசத் தனியாக நர்ஸ் வைத்தார்கள். 1995-ல் முடிவு வந்தது. ஒன்றும் மாறவில்லை. கடைசி நாட்களில் ஐசியூவில் கிடந்தது குறையவில்லை, வலி குறையவில்லை, நோயாளியின் விருப்பம் டாக்டருக்குத் தெரிவதும் கூடவில்லை.

பயப்பட வேண்டியது இன்னொன்று. 'தேறமாட்டார்' என்று எண் சொல்கிறது, அதனால் கை தளர்கிறது, அதனால் இறக்கிறார், அதனால் எண் சரி என்று ஆகிறது. மூளை ரத்தக்கசிவு நோயாளிகளை வைத்து 2001-லேயே பெக்கர் குழு இதைச் சுட்டிக்காட்டியது. முடிவைத் தீர்மானித்ததில் பெரிய பங்கு, எவ்வளவு தூரம் சிகிச்சை கொடுத்தார்கள் என்பதற்கு இருந்தது. இதயம் நின்று மீண்டு நினைவு திரும்பாதவர்களுக்குக் குறைந்தது 72 மணி நேரம் பொறுக்காமல் மூளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதே என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கோவிட்டில் இன்னும் நேராகவே பார்த்தோம். வென்டிலேட்டர் பற்றாக்குறை வந்தால் யாருக்குக் கொடுப்பது என்பதற்குப் பல அமெரிக்க மாநிலங்களின் திட்டத்தில் சோஃபாவைத்தான் போட்டிருந்தார்கள். பின்னால் 675 பேரின் தரவை எடுத்துப் பார்த்தால், வென்டிலேட்டர் போடும் முன்பிருந்த சோஃபாவின் பரப்பு 0.59. வயதை மட்டும் கேட்டிருந்தாலே 0.66 வந்திருக்கும்.

இரவு_டூட்டி

அந்த ஐயா சொன்னதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. "கையெழுத்து போட்டுக் கூட்டிட்டுப் போறோம்" என்று போகிறவர்களைத் தீசிஸில் எங்கே வைப்பீர்கள்? பணம் தீர்ந்தோ, வீட்டில்தான் போக வேண்டும் என்றோ, நாங்கள் அம்பு பேக் (கையால் மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸ் வரை போவோம். ரிஜிஸ்டரில் "ஏஎம்ஏ" (மருத்துவ ஆலோசனையை மீறிப் போனவர்) என்று மட்டும் இருக்கும். உயிரோடு வெளியே போனவர் என்று கணக்கு.

சராசரி_விலக்கம்

இதைத்தான் எழுத வந்தேன், சிஸ்டர் முந்திவிட்டார். மாஸ்டர் சார்ட்டில் அவர்களை இரண்டு விதமாகக் கையாள்கிறார்கள். ஒன்று, 'பிழைத்தவர்' பட்டியலில் சேர்ப்பது. மற்றது, 'தகவல் முழுமையில்லை' என்று தூக்கிவிடுவது. இரண்டுமே தப்பு. ஏனென்றால் போகிறவர்கள் தற்செயலாகப் போவதில்லை. மதிப்பெண் அதிகம் உள்ளவர்கள்தான் பெரும்பாலும் போகிறார்கள். 30 மதிப்பெண்காரர் பிழைத்தவர் பட்டியலில் உட்கார்ந்தால் எந்த அளவுகோலும் முட்டாளாகத் தெரியும். 28-ஆம் நாள் வீட்டுக்கு ஒரு போன். அது இல்லாமல் இந்த ஆய்வே வேண்டாம் என்பேன். போன் செய்யப் போவதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள், எத்திக்ஸ் கமிட்டியில் கேட்பார்கள்.

ஈரோட்டு_வாசகன்

போன் செய்யும்போது கொஞ்சம் பக்குவமாகப் பேசச் சொல்லுங்கள். காரியம் முடிந்த வீட்டுக்குப் போன் போட்டு "பேஷன்ட் எப்படி இருக்கார்" என்று கேட்டால் நன்றாக இருக்காது.

புது_பிஜி

கைடிடம் பேசிவிட்டேன். இந்த இழையிலிருந்து எடுத்த குறிப்புகளைக் காட்டினேன். "எம்.டி. தீசிஸுக்கு இவ்வளவு தேவையா" என்றார், அப்புறம் அவரே உட்கார்ந்து பென்சிலால் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

இப்போதைய வடிவம்: எது பெரியது என்ற போட்டி இல்லை. நம் ஐசியூவில் அபாச்சி 2 சொல்லும் சதவீதத்துக்கும் நடப்பதற்கும் எவ்வளவு தூரம்? நோய் எடை சேர்த்து, சூத்திரப்படி. கூடவே ட்ராபிக்ஸ். ஒரு பகுதி நோயாளிகளுக்கு இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. எந்த அளவு எத்தனை பேருக்கு இல்லை என்பதை மறைக்காமல் அட்டவணையில் போடுவது. சோஃபா முதல் நாளும் மூன்றாம் நாளும். 28-ஆம் நாள் போன். செப்சிஸ் மட்டும் என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஐசியூவில் சேரும் பெரியவர்கள் எல்லாரும். அப்படியென்றால்தான் 100 இறப்பு என்ற கணக்கை நெருங்க முடியும் என்று கைடு சொன்னார். அடுத்த பிஜியும் இதையே தொடரட்டும், தரவைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

சிஸ்டர், மூச்சு எண்ணிக்கைக்கு என்ன செய்யலாம்?

இரவு_டூட்டி

சேரும்போது ஒரு தடவை, அப்புறம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, டூட்டி பிஜியே நின்று முழு நிமிஷம் எண்ணட்டும். எண்ணியவர் இனிஷியல் போடட்டும். எங்களிடம் விட்டால் மறுபடி 20 தான் வரும், சத்தியமாகச் சொல்கிறேன். அட்மிஷனின் போது இருந்த ஜிசிஎஸ்ஸைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், இன்ட்யூபேஷனுக்கு முன் என்று தனிக் கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். கேஷுவாலிட்டியில் அதை யாரும் எழுதுவதில்லை.

பழைய_ஸ்டெத்

வேறு மருத்துவமனையில் ரெண்டு நாள் இருந்துவிட்டு ரெஃபர் ஆகி வருபவர்களைத் தனியாகக் குறி. அங்கே ஏற்றிய சலைனும் நார்அட்ரினலினும் உன் முதல் 24 மணி நேரத்தை அழகாக்கிக் காட்டும். பிபி நார்மல், மதிப்பெண் குறைவு, ஆள் மட்டும் இறப்பார். உன் கல்லூரியில் பாதி அட்மிஷன் அப்படித்தான் இருக்கும்.

சராசரி_விலக்கம்

முதல் இருபது பேரை நிரப்பியதும் ஷீட்டை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். காலிக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். 0 போட வேண்டாம், நார்மல் போட வேண்டாம், 'என்ஏ' என்று போடுங்கள். வயது எழுத வேண்டிய இடத்தில் '60+' என்று எழுதாதீர்கள். சிரிக்காதீர்கள், வருஷாவருஷம் வருகிறது.

கண்டிக்காரி

ட்ராபிக்ஸ் போடும்போது ஒன்றைக் கவனியுங்கோ. அது கேட்பது குருதி யூரியா. சில ஆய்வுகூடங்கள் பியூஎன் என்று அச்சிடும். அது யூரியாவில் உள்ள நைதரசன் மட்டும், 2.14-ஆல் பெருக்கினால்தான் யூரியா வரும். எங்கள் பக்கம் மில்லிமோலில் வேறு தருவார்கள். உங்கள் ஆய்வுகூடத்தின் ரிப்போர்ட் ஒன்றை எடுத்து அலகைப் பார்த்து, புரஃபார்மாவில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே அலகை அச்சடித்துவிடுங்கோ.

புது_பிஜி

பார்த்தேன் மேடம். எங்கள் சென்ட்ரல் லேப் யூரியா தருகிறது, ராத்திரி ஓடும் எமர்ஜென்சி லேப் பியூஎன் தருகிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுகிறேன்.